முத்துப் பாரில் ஒரு கலகக்காரன்: யூல்ஸ் வேர்ணின் கடலடி நாவலும் இளையோர் வாசிப்பும்

இளையோருக்கென எழுதப்படும் நாவல்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றவில்லை. அவற்றுள்ளும் வீரசாகசமும் விஞ்ஞானக் கற்பனையும் கலந்த கதைகளைப் பற்றிய அலட்சியம் இருமடங்கானது. பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லோடு அவற்றை ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின் ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் கையில் எந்நூலைக் கொடுக்கின்றது, கொடுக்குமுன் அந்நூலிலிருந்து எதனை வெட்டி நீக்குகின்றது ஆகிய இரு வினாக்களும் அச்சமூகத்தின் கருத்துநிலையை அறிவதற்கு நல்ல உரைகற்களாகும். இவ்விரு வினாக்களையும் மனங்கொண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் யூல்ஸ் வேர்ண் (1828–1905) எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்’ என்னும் நாவலை ஈண்டு நோக்க முற்படுகின்றோம். உலகெங்கும் இளையோர் விரும்பிப் படித்த இந்நூல் நமது மன்னார்க் கடலுக்கும் வந்து செல்கின்றது என்பது இவ்வாய்வுக்குத் தனியானதொரு காரணமாகும்.

1. நூல் தோன்றிய சூழல்

வேர்ணின் நாவல்களைத் தனியொருவரின் கற்பனை வளமாக மட்டும் கொள்வது பொருந்தாது. அவற்றை வெளியிட்ட பியர் யூல்ஸ் எற்செல் (1814–1886) குடியரசுக் கொள்கையினர். 1848ஆம் ஆண்டுப் புரட்சி அமைத்த அரசிற் பணியாற்றியவர். 1851இல் லூயி நெப்போலியன் சதியால் அதிகாரத்தைக் கைப்பற்றியபோது நாட்டைவிட்டு வெளியேறிப் பிரசெல்சில் வாழ்ந்தவர். பொதுமன்னிப்பின் பின்னர் தாயகம் திரும்பிய அவர், 1864இல் கல்வியாளர் ஜோன் மசேயுடன் இணைந்து கல்வியும் பொழுதுபோக்கும் ஒருங்கே தருவதான இளையோர் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். மசே 1866இல் மக்கள் கல்விக்கான கழகமொன்றை நிறுவிக் கட்டாய இலவசக் கல்விக்காகவும் மதச்சார்பற்ற கல்விக்காகவும் போராடியவர். பாடசாலைகளிலே திருச்சபையின் செல்வாக்கு மேலோங்கியிருந்த பிரான்சில், இயற்கை விஞ்ஞானத்தைக் கதை வழியாகக் குடும்பங்களுள் கொண்டு சேர்ப்பது ஓர் அரசியற் செயலாகவும் அமைந்தது.

இச்சஞ்சிகையிலேயே நாம் எடுத்துக்கொண்ட நாவல் 1869 மார்ச் முதல் 1870 யூன் வரை தொடராக வெளிவந்தது. தொடர் நிறைவுற்ற அடுத்த மாதம் பிரான்சு பிரசியாவுடன் போரில் இறங்கியது. செப்டெம்பரில் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு வீழ்ந்தது. அப்பேரரசின் இறுதி மாதங்களிலே, எந்த அரசுக்கும் பணியாத மனிதன் ஒருவனின் கதையைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர் என்பது கருதத்தக்கது.

கதையின் புறவமைப்பு எளிமையானது. கடல்களில் கப்பல்களைத் தாக்கும் இராட்சத விலங்கொன்றைத் தேடி ‘ஏபிரகாம் லிங்கன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் புறப்படுகின்றது. பாரிசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அரொனா, அவருடைய உதவியாளன் கொன்சேய், கனேடிய ஈட்டியெறிவீரன் நெட் லாண்ட் ஆகிய மூவரும் அதிற் செல்கின்றனர். விலங்கு எனக் கருதப்பட்டது உண்மையில் ‘நோட்டிலஸ்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல். 1867 நவெம்பரில் அதன் தலைவன் கப்டன் நெமோவின் கைதிகளாகும் இம்மூவரும் பல மாதங்கள் அவனுடன் உலகக் கடல்களைச் சுற்றுகின்றனர். தலைப்பிலுள்ள இருபதாயிரம் லீக்குகள் ஆழத்தைக் குறிப்பன என்று பலர் மயங்குவதுண்டு. அவை நீருக்கடியிற் பயணஞ்செய்த தூரத்தையே குறிக்கின்றன. ஒரு லீக் 4 கிலோமீற்றர் எனக் கொள்ளின் அத்தூரம் 80,000 கிலோமீற்றராகும். அதாவது பூமியின் சுற்றளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு.

2. விஞ்ஞானமும் புனைவும்

வேர்ண் எதிர்காலத்தைக் கண்ட தீர்க்கதரிசி என்றும், நீர்மூழ்கிக் கப்பலை அவரே கற்பித்தார் என்றும் கூறுவது பொதுவழக்கு. இக்கூற்று வரலாற்றுக்கு முரணானது. றொபேட் புல்ற்றன் என்னும் அமெரிக்கர் 1800இலேயே பிரான்சில் ‘நோட்டிலஸ்’ என்ற பெயரில் ஒரு நீர்மூழ்கியைக் கட்டி ஓட்டிக் காட்டினார். பிரெஞ்சுக் கடற்படையின் ‘புளொஞ்சர்’ 1863இல் நீரில் இறக்கப்பட்டது. அமுக்கிய வளியால் இயங்கிய அதன் மாதிரியுருவம் 1867ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 பெப்ருவரியில் ‘ஹன்லி’ என்னும் நீர்மூழ்கி எதிரிக் கப்பலொன்றை மூழ்கடித்துத் தானும் மூழ்கியது. நாவலில் வரும் சுழியோடும் உடைகூட றூக்கெய்றோல், தெனெய்றூஸ் என்னும் இருவர் ஆக்கிய உண்மைக் கருவியை அடியொற்றியதே.

அவ்வாறாயின் வேர்ணின் புதுமை யாது? சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒன்றாக இணைத்து, அவற்றின் தருக்கரீதியான அடுத்த படியைக் காட்டியமையே எனலாம். 70 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் கொண்ட அவரது கப்பல் முற்றிலும் மின்சாரத்தால் இயங்குகின்றது. மின்குமிழ்கள் இல்லங்களுக்குள் வருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னர் இவ்வாறு எழுதினார். ஆயினும் அம்மின்சாரம் மாயத்தால் வருவதன்று. கடல்நீரிலுள்ள உப்பிலிருந்து சோடியம் பிரிக்கப்படுகின்றது. அச்சோடியம் இரசத்துடன் சேர்ந்து மின்கலங்களுக்குப் பயன்படுகின்றது. சோடியத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய வெப்பம் நிலக்கரியிலிருந்து பெறப்படுகின்றது. அந்நிலக்கரியும் கடலடிச் சுரங்கத்திலிருந்து வெட்டப்படுகின்றது. சக்தி சூனியத்திலிருந்து தோன்றாது என்னும் இயற்பியல் உண்மையை ஓர் இளம் வாசகன் கதையின் ஓட்டத்திலேயே கற்றுக்கொள்கின்றான்.

பிழைகளும் இல்லாமலில்லை. நோட்டிலஸ் 16,000 மீற்றர் ஆழத்துக்கு இறங்குவதாக நாவல் கூறும். உலகப் பெருங்கடல்களின் மிக ஆழமான இடமோ 11,000 மீற்றருக்குச் சற்றுக் குறைவானது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுமென நாவலே விளக்குகின்றது. அக்கணக்கின்படி 16,000 மீற்றரில் அமுக்கம் 1,600 வளிமண்டலங்களாகும். தென்துருவத்தைக் கடல்வழியாக அணுகி அங்கு நெமோ தன் கருங்கொடியை நாட்டுவதும் இவ்வாறானதே. துருவம் அகன்ற கண்டமொன்றின் உள்ளே இருப்பது; மனிதர் அங்கு முதன்முதற் காலடி வைத்தது 1911இல். இப்பிழைகளை மறைக்க வேண்டியதில்லை. அக்கால அறிவின் எல்லைகளை அவை காட்டுகின்றன. கற்பிக்கும் ஆசிரியருக்கு நல்ல வினாக்களையும் அவை தருகின்றன.

3. மன்னார்க் கடலில் நெமோ

நாவலின் இரண்டாம் பாகம் இந்து சமுத்திரத்திலே தொடங்குகின்றது. 1868 ஜனவரி இறுதியில் நோட்டிலஸ் இலங்கையை அணுகுகின்றது. முத்துச் சிப்பிப் பார்களைக் காண நெமோ தன் கைதிகளை அழைக்கின்றான். முத்துக்குளிப்போரின் வாழ்வு பற்றி அவன் பேரரொனாவுக்கு விரிவாகக் கூறுகின்றான். அவர்களுடைய கண்பார்வை மங்குகின்றது. உடலிற் புண்கள் தோன்றுகின்றன. கடலடியிலேயே மயங்கி இறப்போரும் உளர். முதுமை காண்போர் சிலரே. பாடுபடும் அவர்கள் பெறும் கூலியோ அற்பம். தம் எசமானரைச் செல்வராக்குவோர் சல்லிக் காசு பெறுவதன் கொடுமையைக் கண்டு உரையாடல் சினங்கொள்கின்றது. சிறுவர் சஞ்சிகையொன்றில் 1869இல் இது அச்சாகியது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இதனை அக்காலப் பாரிசின் பிறிதொரு படைப்புடன் ஒப்பிடலாம். 1863இல் அரங்கேறிய பிசேயின் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகமும் இலங்கையையே களமாகக் கொண்டது. அங்கே முத்துக்குளிப்போர் காதலுக்கும் பக்திக்கும் நட்புக்கும் அலங்காரமான பின்னணியாக நிற்கின்றனர். தொழில் இல்லை, கூலி இல்லை, நோய் இல்லை. வேர்ணின் நூலிலோ முத்தின் பின்னால் உழைப்பு தென்படுகின்றது.

அந்த உழைப்பு நம் வரலாற்றுக்குரியது. மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலிருந்தும் பரவரும் கரையாரும் முஸ்லிம் மக்களும் முத்துச் சலாபத்துக்கு வந்து கூடினர். கல்லைக் காற்பாரமாகக் கொண்டு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளி, கயிற்றை இழுத்துச் சைகை காட்டி மேலெழுந்தனர். சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ துணையின்றி அவர்கள் கடலிற் குதிக்கத் தயங்கினர். அள்ளியவற்றுள் ஒரு பங்கே அவர்களுக்கு. எஞ்சியவை அரசுக்காக ஏலம்விடப்பட்டன. 1796இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர் இவ்வருவாயை உடனே தமதாக்கினர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென அரிப்பிற் கட்டிய மாளிகையின் இடிபாடுகள் அதற்குச் சான்று. 1906இல் பார்கள் ஒரு பிரித்தானியக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுள் அவை வறிதாகிக் கம்பனியும் முறிந்தது. கடலோர மக்களுக்கு எஞ்சியது நினைவு மாத்திரமே.

நாவலுக்கு மீள்வோம். பருவம் தொடங்குமுன்னரே தனியனாக வந்த ஒரு வறிய குளிகாரன், தன் தோணியிலிருந்து மீண்டும் மீண்டும் இறங்கிச் சிப்பி அள்ளுகின்றான். சுறாவொன்று அவனைத் தாக்குகின்றது. பாறை மறைவில் நின்ற நெமோ குத்துவாளுடன் அதன்மீது பாய்கின்றான். அவனையும் சுறா வீழ்த்தும் தறுவாயில் நெட் லாண்டின் ஈட்டி அதனைக் கொல்கின்றது. நெமோ குளிகாரனைத் தோணியிற் சேர்த்து உணர்வு வரச்செய்து, முத்துகள் நிறைந்த பையொன்றை அவன் கையில் வைக்கின்றான். மனித குலத்தைத் துறந்தவன் ஒரு மனிதனுக்காக உயிரைப் பணயம் வைத்ததேன் எனப் பேராசிரியர் வியக்கும்போது, அம்மனிதன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன் என்றும், தானும் இறுதி மூச்சுவரை அத்தகைய நாட்டுக்கே உரியவன் என்றும் நெமோ கூறுகின்றான். நாவலின் அச்சாணி இவ்விடமே என்பது எமது கருத்து. அதுவரை விந்தையான இயந்திரத்தின் தலைவனாகத் தோன்றியவன் இங்கே தனது பக்கம் எதுவென அறிவிக்கின்றான். பின்னர் கிரேக்கக் கடலில், துருக்கிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்த கிறீற் தீவினருக்குப் பெருந்தொகைப் பொன்னை அவன் அனுப்புவதும் இதன் தொடர்ச்சியே.

4. பெயரற்றவனின் பெயர்

‘நெமோ’ என்ற இலத்தீன் சொல்லின் பொருள் ‘எவனுமில்லை’ என்பது. வேர்ண் முதலில் அவனை ஒரு போலந்துப் பிரபுவாக, 1863ஆம் ஆண்டு எழுச்சியை நசுக்கிய சார் மன்னனின் ஆட்சியைப் பழிவாங்குவோனாகவே எண்ணினார். எற்செல் இதற்கு உடன்படவில்லை. ருசிய அரசைப் பகைப்பின் நூல்களின் ருசியச் சந்தைக்கு இடருண்டாகும் என்பது காரணங்களுள் ஒன்று. ஆகவே நாவலில் நெமோவின் நாடு கூறப்படாமலே விடப்பட்டது. குடியரசுவாதியான வெளியீட்டாளரும் சந்தையின் நியதிக்குக் கட்டுப்பட்டவரே என்பதை இது காட்டுகின்றது.

விடை 1874–75இல் வெளிவந்த ‘மர்மத் தீவு’ என்னும் நாவலில் கிடைக்கின்றது. நெமோ ஓர் இந்தியன். புந்தேல்கண்ட் அரசரின் மகனான இளவரசன் டக்கார். திப்பு சுல்தானின் மருகன். ஐரோப்பாவிற் கல்வி கற்று, 1857ஆம் ஆண்டு எழுச்சியிற் போரிட்டு, மனைவி மக்களை இழந்து, எஞ்சிய தோழர் சிலருடன் ஆளற்ற தீவொன்றில் நோட்டிலசைக் கட்டியவன். வரலாற்று நோக்கில் இவ்வரலாறு பல இடங்களில் இடறுகின்றது. மைசூர்ச் சுல்தான் 1799இல் மடிந்தவர். அவரது குடும்பத்துக்கும் வடநாட்டுப் புந்தேல்கண்டுக்கும் இவ்வாறு உறவு கூறுவது கற்பனையே. இரு நாவல்களின் ஆண்டுக் கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தா. எனினும் பேரரசுகளின் காலத்தில், ஐரோப்பிய இளையோருக்கான நூலொன்றில், விஞ்ஞானத்தின் உச்சத்தை எட்டியவன் குடியேற்ற ஆட்சிக்கெதிராக ஆயுதமேந்திய ஓர் ஆசியன் என்று நிறுவியமை சாதாரணமானதன்று.

5. எல்லைகள்

முற்போக்கான கூறுகளைக் காணும் ஆர்வத்தில் நூலின் குறைபாடுகளைக் காணாது விடுதல் தகாது. முதலாவதாக, மன்னாரின் குளிகாரனுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. செம்புத் தலைக்கவசம் அணிந்த உருவங்களைக் கண்டு அஞ்சுவதே அவனுக்கு வைத்த பங்கு. அவனுக்காகப் பேசுபவன் ஓர் இளவரசன். இரண்டாவதாக, பாப்புவா மக்களை நாவல் காட்டுமிராண்டிகளாகவே வருணிக்கின்றது. மின்னூட்டப்பட்ட கைப்பிடியால் அவர்கள் விரட்டப்படுவது வேடிக்கைக் காட்சியாகின்றது. காட்டுமிராண்டிகள் இல்லாத இடம் எதுவென நெமோ வினவுவதால் மட்டும் இக்குறை நீங்காது. மூன்றாவதாக, நோட்டிலசை இயக்கும் மாலுமிகளுக்கும் பெயர் கிடையாது. பிறருக்கு விளங்காத மொழியொன்றைப் பேசும் நிழல்களாகவே அவர்கள் நடமாடுகின்றனர். விடுதலையின் பெயரால் ஓடும் கப்பலில் கட்டளையிடுபவன் ஒருவனே.

கருத்துநிலை சார்ந்த ஒரு நுண்குறிப்பையும் இங்குச் சுட்டலாம். நெமோவின் நூலகத்தில் 12,000 நூல்கள் உள. விஞ்ஞானம், இலக்கியம், ஒழுக்கவியல் அனைத்தும் உள. அரசியற் பொருளாதார நூல் மட்டும் ஒன்றேனும் இல்லை; அத்துறை திட்டமிட்டு விலக்கப்பட்டிருப்பதாகப் பேராசிரியர் கருதுகின்றார். கதையின்படி அரொனா அந்நூலகத்தில் நுழைந்த 1867ஆம் ஆண்டே மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்த ஆண்டு. ஒடுக்குமுறையை வெறுக்கும் நெமோ அதன் பொருளியல் அடித்தளத்தை ஆராய மறுக்கின்றான். மக்களை அணிதிரட்ட அவனால் இயலவில்லை. எஞ்சுவது பொன் வழங்கலும் பழிவாங்கலுமே. நாவலின் இறுதியில் அவன் ஒரு போர்க்கப்பலை அதிலுள்ளோர் அனைவருடனும் மூழ்கடித்துவிட்டு, மனைவி மக்களின் படத்தின் முன் விழுந்து அழுகின்றான். தனிமனித வீரத்தின் முட்டுச்சந்து இதுவேயாகும். ‘மர்மத் தீவு’ அவனுக்கு வழங்கும் தீர்ப்போ வேறுவகையானது: இறந்த காலத்தை உயிர்ப்பிக்க முயன்று, தவிர்க்கவொண்ணா முன்னேற்றத்தை எதிர்த்தான் என்று பொறியியலாளன் சைரஸ் சிமித் கூறுகின்றான். ஆங்கில ஆட்சியை முன்னேற்றத்துடன் ஒன்றெனக் காணும் இக்கூற்றில் அக்கால முதலாளித்துவத் தாராளவாதத்தின் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகின்றது.

6. வெட்டப்பட்ட வேர்ண்

இதுவரை கூறியவற்றுட் பலவற்றை நம்மில் ஆங்கிலவழி படித்தோர் அறியாதிருப்பின் அதில் வியப்பில்லை. கடலடி நாவலை 1870களின் தொடக்கத்தில் ஆங்கிலப்படுத்திய லூயி மேர்சியர் என்னும் மதகுரு அதன் ஐந்திலொரு பங்குக்கும் மேலாக வெட்டிவிட்டார். வெட்டுண்டவற்றுள் விஞ்ஞான விளக்கங்கள் மிகுதி. எஞ்சியவற்றிலும் பிழைகள் மலிந்தன. நெப்ராஸ்காவின் ‘பாழ்நிலங்கள்’ எனப் பெயர்பெற்ற பிரதேசம் அவர் கையில் ‘வெறுக்கத்தக்க’ பிரதேசமாயிற்று. ஆங்கில உலகில் வேர்ண் விஞ்ஞானம் அறியாத சிறுவர் எழுத்தாளர் என இகழப்பட்டமைக்கு இம்மொழிபெயர்ப்பும் காரணமாயிற்று. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் வோல்ற்றர் ஜேம்ஸ் மில்லர் இவ்வெட்டுகளை வெளிக்கொணர்ந்தார்.

‘மர்மத் தீவு’க்கு நேர்ந்தது இதனினும் கொடிது. கிங்ஸ்ற்றன் பெயரில் 1875இல் இலண்டனில் வெளிவந்த மொழிபெயர்ப்பிலே, டக்காரின் வரலாறு தலைகீழாக மாற்றப்பட்டது. ஆங்கிலேயர் இந்தியரை அராசகத்திலிருந்தும் போர்த் துயரிலிருந்தும் மீட்டவராயினர். எழுச்சியோ பேராசை கொண்ட இளவரசர் சிலரின் தூண்டுதலாயிற்று. மூலநூலிலுள்ள குற்றச்சாட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் புகழும் உரையாக மாறியது. இப்பாடம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கில வாசகரிடையே உலவியது. 2001இலேயே மூலத்துக்கு உண்மையான முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. திரைப்படமும் இதே வழியிற் சென்றது. 1954இல் வோல்ற் டிஸ்னி நிறுவனம் எடுத்த படத்தில் நெமோவாக நடித்தவர் ஜேம்ஸ் மேசன் என்னும் ஆங்கில நடிகர். இந்திய இளவரசனின் சுவடே அங்கில்லை. அதே ஆண்டில் அமெரிக்கக் கடற்படை தனது முதலாவது அணுசக்தி நீர்மூழ்கியை நீரில் இறக்கி அதற்கு ‘நோட்டிலஸ்’ எனப் பெயரிட்டது. எந்த அரசின் கொடியையும் ஏற்காதவனின் கப்பற்பெயர் வல்லரசொன்றின் போர்க்கப்பலுக்குச் சூட்டப்பட்டது.

முடிவுரை

இளையோருக்காகச் சுருக்குதல் தன்னளவிற் குற்றமன்று. நீண்ட மீன்பட்டியல்களைக் குறைப்பதால் எவருக்கும் நட்டமில்லை. எதனைச் சுருக்குகின்றோம் என்பதே வினா. சுறாவுடன் நிகழ்ந்த போரை வைத்துக்கொண்டு, அப்போருக்குக் காரணம் கூறும் சொற்களை நீக்கின் எஞ்சுவது வெறும் பரபரப்பு. பிள்ளைகளுக்கு அரசியல் விளங்காது என்பதே இத்தகைய வெட்டுகளுக்குச் சொல்லப்படும் சாக்கு. மூச்சடக்கிக் கடலில் இறங்குபவனுக்குச் சல்லிக்காசும் கரையில் நிற்பவனுக்கு முத்தும் போவது அநீதி என்பதைப் பத்து வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். சில வேளைகளில் நம்மினும் விரைவாக விளங்கிக்கொள்ளும்.

தமிழில் இளையோருக்கான அறிவியற் புனைகதையை வளர்க்க விழைவோர் இந்நூலிலிருந்து பெறவேண்டிய பாடங்கள் இரண்டு. விஞ்ஞானத்தைக் கதையின் அலங்காரமாக்காது அதன் காரணகாரியத் தொடர்பைக் காட்டுதல் ஒன்று. அவ்விஞ்ஞானம் யார் கையில், யாருக்காக என்ற வினாவைக் கைவிடாமை மற்றொன்று. பிறமொழி நூல்களைத் தருவோர் சுருக்கப் பதிப்புகளை விடுத்து மூலத்தை, இயலாதவிடத்து முழுமையான பிந்திய மொழிபெயர்ப்புகளைத் துணைக்கொள்ளல் வேண்டும். வேர்ண் சொல்லாது விட்ட ஒன்றும் நமக்காகக் காத்திருக்கின்றது. முத்துப் பையுடன் தோணியில் அமர்ந்திருந்த அந்தக் குளிகாரன் கரைசேர்ந்து தன் வீட்டாரிடம் என்ன சொன்னான்? அக்கதையைப் பாரிசில் இருந்தவரால் எழுத இயலாது. மன்னார்க் கரையின் மொழியிலேயே அது எழுதப்படல் வேண்டும்.